வண்டி இழுக்கலையா? குக்கர் காஸ்கட்டை நினைச்சுக்குங்க!

சமையல் குறிப்பும் கை வைத்தியமும் வருகிற பகுதியில் இவள் என்ன டீசல் வண்டி புராணம் பாடுகிறாள் என்று நினைக்காதீர்கள். 40 ஆயிரம் ரூபாய் சமாச்சாரம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் கல்வராயன்மலையில் ஆசிரியர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைப் பக்கம் தினமும் போய் வர வேண்டும். அதற்காகவே ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மாமியார், பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் தேர். மலையில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்ப்பதும் அதே வண்டிதான்.

போன வருஷம் அந்த வண்டிக்கு பிக்-அப் குறைந்து போச்சு. சமதரையில் ஒன்றும் தெரியாது. அணை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முக்கும், முனகும், நகராது. பின்னால் கரும்புகை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது வண்டி இப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று மலை ஏறியவர்களுக்குத் தெரியும். "மலைன்னா அப்படித்தாங்க, காத்து கம்மி" என்றார் ஒருவர். ஆயிரம் அடி ஏறினால் காற்று சுமார் 3 சதவீதம் மெலியும், அவ்வளவுதான். நம் மலை பல இடங்களில் 2,000, 3,000 அடி. டர்போ உள்ள வண்டி இதற்கெல்லாம் மூச்சு வாங்கக் கூடாது. மேலும், முந்தின வருஷமும் இதே மலையைத்தானே ஏறியது?

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "பூஸ்ட் கம்மியா காட்டுது, டர்போ போயிடுச்சு, 40 ஆயிரம் ஆகும்" என்றார்கள். மகளுக்கு ஹாஸ்டல் பீஸ் கட்ட வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் மெல்ல, "ஏறும்போது முன்பக்கம் 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருதே, அது என்னங்க?" என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பதிலை என் கணவரிடம் சொன்னார்! (பொம்பளை கேட்டால் பதில் ஆம்பளைக்குத்தான் போகும் போலிருக்கிறது.)

சேலம் ரோட்டில் இன்னொரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் அந்த சத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். எப்போ வருது? நின்றிருக்கும்போது வருதா, மிதிக்கும்போது மட்டுமா? அப்புறம் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸைக் கழற்றி, கையால் வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. சும்மா இருக்கும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும். காற்று அழுத்தும்போதுதான் வாயைத் திறக்கும். நின்ற இடத்தில் பார்த்தால் தெரியாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குக்கர் காஸ்கட் தேய்ந்தால் ஆவி பக்கவாட்டில் போய்விடும், விசில் வராது, பருப்பு வேகாது. அதற்காகப் புதுக் குக்கரா வாங்குகிறோம்? டர்போ காற்றை அழுத்தி அனுப்புகிறது, வழியில் ஓட்டை. எஞ்சினுக்குக் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாகப் போகிறது. ஸ்கேனர் 'அழுத்தம் குறைவு' என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

ஏர் பில்டரையும் அன்றே மாற்றினார். நம்ம ஊரில் கரும்பு வெட்டும் காலத்தில் கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் போனால் போதும், புழுதி முழுக்க பில்டரில்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்புகளுக்கு இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். காகித பில்டரைத் துணி மாதிரி தண்ணீரில் அலசிவிடாதீர்கள், கெட்டுவிடும். டீசல் பில்டரில் தண்ணீர் சேர்ந்தாலும் வண்டி திக்கும். அதைத் திறந்துவிட அடியில் ஒரு திருகு உண்டு.

பக்கத்து சீட்டில் உட்காரும் நமக்குத்தான் பல விஷயம் முதலில் தெரியும். எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கருகல் நாற்றம் வருகிறது என்றால் அது கிளட்ச். இறங்கியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் (கை வைக்காதீர்கள், கிட்டே கொண்டு போனாலே தெரியும்) பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அப்போது டர்போ மேல் சந்தேகப்படலாம். டெம்பரேச்சர் முள் ஏறினால் மட்டும் யோசிக்காமல் ஓரம் கட்டச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சந்தை, பள்ளிக்கூடம், கோயில் என்று டவுனுக்குள்ளேயே ஓட்டினால் அது சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் உளுந்தூர்பேட்டை நான்கு வழிச்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்து சரியாகிவிடும். எவ்வளவு நேரம், என்ன வேகம் என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். விளக்கைப் பார்த்தும் விட்டுவிட்டால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் ஒர்க்‌ஷாப்தான்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.