அதிர்ந்தா மட்டும் போதுமா? ஸ்பீக்கர் வாங்கும் முன் பேஸை ஒப்பிடுவது எப்படி?

தூத்துக்குடியில் கடலோரமாக வீடு இருந்தால் இது பழகியிருக்கும். ஹார்பருக்கு வரும் பெரிய கப்பல் ஹாரன் அடித்தால், காதுக்கு முன்னாடி வயிற்றுக்குத்தான் கேட்கும். இது தற்செயல் இல்லை. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேச கடல் விதி. 75 மீட்டருக்குக் குறைந்தால் 250 முதல் 700.

ஆனால் நாம் கேட்கும் பாட்டு அந்தக் கப்பலையும் விடக் கீழே இறங்கும். நாலு கம்பி பேஸ் கிடாரின் அடி ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். மேஜை மேல் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கமே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதை மறைக்கத்தான் சில மாடல்களில் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். கேட்டவுடனே 'செம பேஸ்'னு தோணும். அதிகமான பேஸ் வேறு, ஆழமான பேஸ் வேறு.

பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் மயங்காதீங்க. பக்கத்தில் 'பிளஸ் ஆர் மைனஸ் 3 டெசிபல்' என்று இருக்கிறதா பாருங்க. அது இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானது போலக் கேட்கும்.

கடையில் நான் ஏமாந்த இடம்

கடையில் ரெண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நான் தேர்ந்தெடுத்தது, சத்தம் கூடுதலாக ஒலித்ததை. வால்யூம் ஏறினால் நம் காதுக்கு பேஸ் தனியாக ஏறியது போலத் தெரியும். அதனால் முதலில் ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வாங்க. ஒரே இடத்தில் வைத்த போனும், சத்தம் அளக்கும் ஒரு இலவச ஆப்பும் போதும்.

அடுத்து, பாட்டு. 'டம் டம்' என ஒரே அடி விழும் டெமோ டிராக் வேண்டாம். பேஸ் கிடார் ஏறி இறங்கி நடக்கும் பாட்டு வேணும். 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய, இளையராஜாவின் அந்த கிடார் பாட்டு என் சாய்ஸ். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் வருகிறதா, இல்லை ஏதோ ஒன்று மட்டும் 'பூம்' என வீங்குகிறதா? கம்பி நின்றதும் சத்தமும் நிற்கிறதா? இந்த ரெண்டு கேள்வியிலேயே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

மிச்சத்தை வீடுதான் தீர்மானிக்கும். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி அலை ரெண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சுவரோரம் காதை அடைக்கும்; அறை நடுவில் அதே ஸ்வரம் கிட்டத்தட்ட காணாமல் போகும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம். திருப்பித் தர வசதி உள்ள இடத்தில் வாங்குவது அதனால்தான் நல்லது.

கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒன்று: கூம்பைச் சுற்றிய வளையம் ரப்பரா, ஃபோமா எனக் கேளுங்க. ஈரக்காற்றிலும் வெயிலிலும் ஃபோம் சீக்கிரம் உதிரும். அது கிழிந்தால் முதலில் போவது பேஸ்தான்.

என் ஸ்பீக்கரை மாற்ற முடியவில்லை. மூலையிலிருந்து ரெண்டடி முன்னே இழுத்து வைத்தேன். வீக்கம் பாதி அடங்கியது. கீழ் வீட்டு ஆச்சி கதவைத் தட்டுவதும் நின்றது.