ஏழு பேர், ஒரு வண்டி – 9: டிக்கியை அளப்பது எந்த மரக்கால்?

இன்னோவா கிரிஸ்டாவுக்குப் பின்சக்கர இழுவை, ஹைகிராஸுக்கு முன்சக்கர இழுவை என்று போன வாரம் பார்த்தோம். சேசிஸ் மேல் பாடி வைத்த வண்டிக்கும், பாடியும் சேசிஸும் ஒன்றேயான மோனோகாக் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அதற்கும் முந்தைய வாரமே முடிந்தது. இந்த வாரம் வரியும் ஆன்ரோடு விலையும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கணக்கும் தயார். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு ஒரு விஷயம் தெரியவந்தது. அதைச் சொல்லாமல் வரிக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

கார் கம்பெனிகள் டிக்கியின் அளவை லிட்டரில் சொல்கின்றன. மாருதி எர்டிகா 209 லிட்டர், கியா கேரன்ஸ் 216, ஹூண்டாய் அல்கஸார் 180, டொயோட்டா ஹைகிராஸ் 300. எல்லாமே மூன்றாம் வரிசை சீட்டை நிமிர்த்தி வைத்த நிலையில் சொல்லப்படுபவை. இந்த எண்களை நான் ஒரு மாதமாக நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீரையோ பெட்ரோலையோ லிட்டரில் அளப்பது புரிகிறது. கோணல்மாணலாக இருக்கும் டிக்கியை எப்படி லிட்டரில் அளந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

கட்டை அடுக்கி அளக்கிறார்கள்.

ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கம் வகுத்த முறை இது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து வி.டி.ஏ. முறை என்கிறார்கள். கட்டையின் நீளம் 200 மி.மீ., அகலம் 100, உயரம் 50. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒரு லிட்டர். டிக்கிக்குள் இந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கதவு மூடும்வரை எத்தனை போகிறதோ அத்தனை லிட்டர். கட்டை நுழையாத சந்து கணக்கில் சேராது. ஐ.எஸ்.ஓ. அமைப்பின் 3832-ஆம் தரமும் இதே கட்டையைத்தான் சொல்கிறது. இன்று கணினித் திரையிலேயே அடுக்கிப் பார்த்துவிடுகிறார்கள். கட்டை மட்டும் மாறவில்லை. அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே கார் டிக்கிக்கு வெவ்வேறு அளவுப் பெட்டிகள் கொண்ட ஒரு செட் உண்டு. அதில் கோல்ஃப் மட்டைப் பையும் அடக்கம். அந்தந்த நாட்டுக்காரர் எதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறாரோ அதை வைத்து அளந்திருக்கிறார்கள். நம் வீட்டில் அளப்பதென்றால் பொங்கல் பானையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

புதன்கிழமை மாலை நானும் மகளும் தெர்மாகோல் வாங்கி வந்தோம். இரண்டு அங்குல ஷீட் கிட்டத்தட்ட 50 மி.மீ. கனம் இருக்கும். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் ஷீட்டில் 25 கட்டை வெட்டலாம். மூன்று ஷீட்டில் 75 கட்டை, அதாவது 75 லிட்டர். ஹாலில் வைத்து எங்கள் பெரிய டிராலி பெட்டியில் அடுக்கினோம். எழுபத்தைந்தும் உள்ளே போய், மேலே இன்னும் இடம் இருந்தது. வெளிப்பக்கம் டேப் வைத்து அளந்தால் அந்தப் பெட்டி 110 லிட்டருக்குக் குறையாது. 26 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 32 லிட்டர். (25 கிலோ மூட்டையை இப்போது கடைகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாததற்குக் காரணமும் வரிதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, ஆலைகள் மூட்டையில் ஒரு கிலோ கூட்டிவிட்டன. வரிக்கட்டுரையில் இதற்குத் திரும்பி வருவேன்.) ஆக, 180 லிட்டர் டிக்கி என்றால் ஒரு பெரிய பெட்டி, ஒரு அரிசி மூட்டை, சாப்பாட்டுக் கூடை ஒன்று. ஏழு பேருக்கு அவ்வளவுதான் இடம்.

அம்மா ஊஞ்சலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா இது, நெல்லு அளக்குற மாதிரில்ல இருக்கு?" என்றாள். அப்படியே நிறுத்தவில்லை. "தலைதட்டி அளந்தாங்களாமா, குமிச்சு அளந்தாங்களாமா?" என்று கேட்டாள்.

கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதம் நான் நோட்டில் எழுதிய எண்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அம்மா மன்னார்குடிப் பக்கம் பிறந்தவள். களத்துமேட்டில் எட்டுப்படி மரக்காலைப் பார்த்து வளர்ந்தவள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரக்காலை நிரப்பி, மேலே கோலை ஓட்டிச் சமமாக வழித்துவிட்டால் தலைதட்டியது. குவியலோடு விட்டால் குமித்தது. ஒரே மரக்கால்தான், ஆனால் நெல் ஒன்றல்ல. மரக்காலே ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறிய காலமும் இருந்தது. குத்தகை நெல் வாங்கப் பெரிய மரக்கால், கூலி நெல் போடச் சின்ன மரக்கால் என்று வைத்திருந்த மிராசுகளைப் பற்றி அம்மா தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். 1940-களில் பி.சீனிவாசராவ் தலைமையில் கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள் திரண்டபோது, அரசு முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1952-இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-இல் எடையளவைச் சட்டம் வந்து, மரக்கால் மெல்ல மெல்லப் பரணுக்குப் போய் லிட்டர் வந்தது. எந்த அளவையால் அளந்தாய், எதுவரை நிரப்பினாய் என்று கேட்கும் உரிமைக்காக இந்த மண்ணில் மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வண்டி வாங்கும் நாம் அதைக் கேட்காமல் இருக்கலாமா?

கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான். டிக்கியை ஜன்னல் விளிம்புவரை அளப்பது ஒரு வழக்கம்; அதுதான் தலைதட்டிய அளவு. கூரைவரை அளப்பது இன்னொரு வழக்கம்; அது குமித்தது. எதுவரை அளந்தார்கள் என்பதை விளம்பரப் புத்தகத்தில் எல்லாக் கம்பெனிகளும் அச்சிடுவதில்லை. 209-க்கும் 216-க்கும் உள்ள வித்தியாசம் ஏழு கட்டை. தலைதட்டியதா குமித்ததா என்று தெரியாமல் அந்த ஏழு கட்டையை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது தப்பு. இன்னொன்று, மூன்றாம் வரிசையின் முதுகு சாயும். நிமிர்ந்து நிற்கும்போது இருக்கும் இடம், அங்கே இருப்பவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்ததும் குறைந்துவிடும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1994-இல் டாடா சுமோ வந்தது. (டாடா மோட்டார்ஸை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரில் 'சு', 'மூ' இரண்டையும் எடுத்து வைத்த பெயர் அது. ஜப்பான் மல்லர்கள் நினைவாக வைத்தது என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன்.) சுமோவின் பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. 2000-இல் வந்த குவாலிஸிலும் அப்படி உண்டு. அதில் கொடைக்கானல் ஏறியவர்களுக்கு எலுமிச்சம்பழ வாசனை இன்றும் ஞாபகம் இருக்கும். பெட்டி படுக்கை எல்லாம் மேலே கேரியரில், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி. உள்ளே மனிதர், மேலே மூட்டை. இன்றைய வண்டியில் மூன்றாம் வரிசை முன்னோக்கித் திரும்பி, மூன்று முனை பெல்ட்டோடு மரியாதையாக நிற்கிறது. அதற்கான இடத்தை டிக்கியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை மூன்று ஷோரூம் போனேன். மூன்றிலும் கடைசி சீட் மடித்தே கிடந்தது. ஒரு விற்பனைத் தம்பி மனம் திறந்து சொன்னார்: "கஸ்டமர் டிக்கியத் திறந்தா இடம் பெருசா தெரியணும்ல சார், அதான்." அவரே சீட்டை நிமிர்த்தியும் கொடுத்தார். நான் கொண்டுபோன டிராலி பெட்டியைப் படுக்க வைத்தேன், கதவு மூடவில்லை. நிற்க வைத்தேன், மூடியது, ஆனால் பின்கண்ணாடி வழியாகப் பாதிதான் தெரிந்தது. வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். உங்கள் பெட்டி வேறு, என் பெட்டி வேறு.

டேப்பால் அளக்கவேண்டியவை நான்கு. சீட்டின் அடியிலிருந்து டிக்கிக் கதவுவரை தரையில் ஓர் அளவு. சீட் முதுகின் உச்சியிலிருந்து கதவுவரை இன்னொன்று. இரண்டு பக்கச் சக்கர மேட்டுக்கும் நடுவில் அகலம். நிலத்திலிருந்து டிக்கி விளிம்பின் உயரம். கடைசி அளவை நான் அத்தானுக்காகச் சேர்த்தேன். அவருக்கு இடுப்பு வலி. அரிசி மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்க முடியாது.

நீளமான வண்டி என்றால் பின்னால் இடம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்தபோது அதன் நீளம் 4,695 மி.மீ., முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,750. ஸ்கார்பியோ-என் 4,662, இடைவெளி அதே 2,750. டாடா சஃபாரி 4,668, இடைவெளி 2,741. கேரன்ஸ் இவற்றைவிடக் குட்டை, 4,540தான்; ஆனால் சக்கர இடைவெளி 2,780. ஹைகிராஸ் 4,755, இடைவெளி 2,850. மூன்றாம் வரிசை பின்அச்சின் மேலேயோ ஒட்டியோ வருகிறது. சக்கரங்கள் தள்ளி நின்றால் கால் வைக்கும் பள்ளத்துக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் தரை மேலெழும்பி, முழங்கால் நெஞ்சுக்கு வரும். திருச்சியிலிருந்து மன்னார்குடி வரை குத்துக்காலிட்டே போகவேண்டும். சேசிஸ் வண்டிகளில் தரை உயரம் என்பதால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க நான்கு பேர், பொங்கலுக்கும் குலதெய்வத்துக்கும் மட்டும் ஏழு பேர் என்றால் சஃபாரி, எக்ஸ்யூவி700 நல்ல வண்டிகள். மாதம் ஒரு முறையாவது ஏழு பேர், மூட்டையோடு என்றால் ஹைகிராஸ் போன்ற நீள இடைவெளி வண்டியை விட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டாம்.

ஒன்றைத் தள்ளிப்போட மாட்டேன். சஃபாரி 2023-இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிகளில் ஒன்று. பெருமைதான். ஆனால் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடும் அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்சீட்டில், குழந்தைப் பொம்மைகள் நடுவரிசையில். மூன்றாம் வரிசையில் யாரும் இல்லை. எந்த வண்டியானாலும் அந்த நட்சத்திரங்கள் கடைசி சீட்டில் உட்காரும் ஆளை வைத்துக் கொடுத்தவை அல்ல. எங்கள் வீட்டில் அங்கே உட்காரப்போவது என் மகளும் மகனும். அதனால் கடைசி வரிசையில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலைசாய்ப்பு பிள்ளையின் தலை உயரத்துக்கு ஏறுகிறதா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அதுவரை வருகிறதா என்று மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். நடுவரிசையில் குழந்தை சீட்டைப் பூட்டிவிட்டால் அந்தப் பக்கம் மடித்துப் பின்னால் ஏற முடியாது என்பதையும் பூட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

வரி அடுத்த வாரம், நிச்சயமாக. தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 170 மி.மீ. உயரத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் எத்தனை பணம் அடங்கியிருந்தது என்று அதில் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் போகிறவர்கள் வீட்டின் பெரிய பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசி வரிசையில் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். சீட்டை நிமிர்த்தி, அவரை உட்காரவைத்து, பெட்டியை ஏற்றி, டிக்கிக் கதவை நீங்களே மூடிப் பாருங்கள். மூடிய பிறகு விலை பேசுங்கள்.