மௌனம் மானத்தைக் காக்குமா?

"சாமி, போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெட்டுவிடாதா?" ஜவ்வாது மலையில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைச் சேர்ந்தோரே தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மக்களும். 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடி வந்த அரசுப் பணியாளர்களால் அங்கு 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வந்தவர்களில் காவலரும் இருக்க, யாரிடம் முறையிடுவது? ஆயினும் அப்பெண்கள் வாய்திறந்தனர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது; 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டு நெடுவழி அது. அதனை மறைத்து ஆறுதல் கூறோம்.

இன்றோ எக்காவல் நிலையத்திலும் முறையிடலாம். பெண் அதிகாரியே அதனைப் பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுதல் குற்றம். மருத்துவமனைகள் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்க வேண்டும். தாமதமின்றிச் செல்லுதல் நன்று. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையெனில், அறிந்தவர் அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம்.

வயது வந்தவளெனில் முடிவு அவளுடையது. ஊர்ப் பஞ்சாயத்தாருடையதன்று, நம்முடையதுமன்று. பெற்றோரே, முதலில் அவளை நம்புங்கள். அவள் போகத் துணிந்தால் உடன் நடங்கள். மானமிழந்தவன் குற்றம் புரிந்தவனே, அவளல்லள்.