கெய்ரோவில் ஒரு மாணவன்

அயல்நாடு சென்று பயில விரும்பும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் என்னைத் தேடி வருவதுண்டு. "ஐயா, தாங்கள் எகிப்தில் படித்தவராயிற்றே. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? குளிர் தாங்குமா? பையன் தனியே இருந்துவிடுவானா?" என்று வினவுவார்கள். இவற்றுக்கு விடை கூறுதல் எளிது. அவர்கள் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு; அதற்கு விடை காண எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இரண்டையும் பற்றி இன்று சில நிமிடங்கள் பேச விழைகிறேன்.

1980-ஆம் ஆண்டில், பி.ஏ. பட்டம் பெற்ற கையோடு, அரபு மொழி பயிலக் கெய்ரோ சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினேன். அந்நகரின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் 970-இல் கட்டத் தொடங்கப்பெற்று, 972-இல் தொழுகைக்குத் திறக்கப்பெற்றது. தூணடியில் ஆசிரியர் அமர, மாணாக்கர் வட்டமாகச் சூழ்ந்திருந்து பாடம் கேட்பது அங்குப் பழைய முறை. துருக்கியர், சிரியர், மொராக்கோ முதலிய மேற்கு நாட்டார் எனத் தேசவாரியாக மாணாக்கர் தங்கும் பகுதிகளும் இருந்தன. அவற்றுக்கு 'ரிவாக்' என்று பெயர். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளும் அங்கே சேர்ந்தன. என் காலத்தில் அயல்நாட்டு மாணாக்கர்க்கெனப் பெரியதொரு விடுதியே இருந்தது. என் அறையில் ஒருவர் இந்தோனேசியர். மற்றவர் செனகல் நாட்டவர்.

புறப்படும்போது எனக்கு அச்சமே இல்லை. எங்கள் கடற்கரை ஊர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இமாம் ஷாஃபியின் சட்ட மரபைப் பின்பற்றுவோர். 820-இல் மறைந்த அப்பெரியார் அடக்கமாகியிருப்பது கெய்ரோவில்தான். மதரசாவில் அரபு இலக்கணமும் ஓதியிருந்தேன். ஆகவே, "நம் வீட்டுக்குத்தானே போகிறோம்" என்ற நினைப்புடன் சென்றேன். அந்நினைப்பு இரண்டு வாரங்கூட நிலைக்கவில்லை.

காலைச் சிற்றுண்டிக்கு அங்கே 'ஃபூல்' என்பார்கள். மொச்சையை ஒத்த ஒருவகை அவரை விதையை இரவெல்லாம் மெல்லிய தீயில் வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ரொட்டியுடன் உண்பார்கள். அவ்விதையையே அரைத்துப் பச்சிலை கலந்து பொரித்தால் 'தஅமிய்யா'. நம் மசால் வடைக்குத் தங்கை எனலாம். உணவு எனக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதது என் நாக்கிலிருந்து வந்த மொழி.

ஒருநாள் ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், ஏட்டில் கற்ற திருத்தமான அரபியில், வேற்றுமை உருபு ஒன்றும் பிசகாமல், ரொட்டி கேட்டேன். வரிசை முழுவதும் சிரித்தது. நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலையில் ஒருவர், "ஐய, யான் இரு தோசைகளை விழைகின்றேன்" என்றால் நாம் என்ன செய்வோம்? அதுவே நடந்தது. அன்றிரவு, "வாப்பா, நான் ஊருக்கு வந்துவிடுகிறேன்" என்று கடிதம் எழுதி மடித்துத் தலையணையின்கீழ் வைத்தேன்.

மறுநாளும் பசித்ததே! மீண்டும் அக்கடைக்குச் சென்றேன். சிரிக்கத் தொடங்கியவர்களைக் கிழவராகிய கடைக்காரர் கையமர்த்தினார். ஒரு ரொட்டியை உயர்த்திக் காட்டி, "ஐஷ்" என்றார். நூல்களில் ரொட்டிக்குப் பெயர் 'குப்ஸ்'. எகிப்தியர் வழங்குவதோ 'ஐஷ்'. வாழ்வு என்பது அச்சொல்லின் பொருள். 1977-இல் அரசு உணவுப் பண்டங்களின் விலையை உயர்த்தியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ரொட்டியை வாழ்வென்று அழைக்கும் நாட்டில் இதில் வியப்பென்ன? அன்றுமுதல் அக்கிழவர் நாளொரு சொல் கற்பித்தார். கடிதம் தபாலுக்குப் போகவில்லை.

அரபு மொழிக்கு இரண்டு நிலைகள் உண்டு. குர்ஆன் வழிவந்த செவ்விய மொழி எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. அரபு நாடுகள் அனைத்துக்கும் பொதுவானது. வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழி நாட்டுக்கு நாடு வேறு. 'ஜமால்' என்னும் பெயர் கெய்ரோவாசியின் வாயில் 'கமால்' ஆகும். இதயத்தைக் குறிக்கும் 'கல்ப்' முதலெழுத்தை இழந்து 'அல்ப்' என ஒலிக்கும். உம்மு குல்தூம் அம்மையார் 1964-இல் பாடிய 'இன்த்த உம்ரி' வீதி மொழியிலும், 1966-இல் பாடிய 'அல்-அத்லால்' செவ்விய மொழியிலும் அமைந்தவை. இரண்டையும் அந்நாட்டார் ஒரே உருக்கத்துடன் கேட்டனர். செந்தமிழும் பேச்சுத் தமிழும் உடைய நமக்கு இது புதிதன்று. எனினும் அதை நான் உணர்ந்தது அங்கேதான்.

நாட்டைப் பற்றிய என் எண்ணமும் இவ்வாறே மாறியது. கிறிஸ்தவர்களாகிய கோப்துகள் அங்கே தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அவர்களுடைய ஈஸ்டருக்கு மறுநாள் வரும் வசந்த விழாவை முஸ்லிம்களும் சேர்ந்தே கொண்டாடுவர். பூங்காக்களில் அமர்ந்து வெங்காயமும் உப்பிட்ட மீனும் உண்பர். அம்மீனின் வாடை எங்கள் ஊர்க் கருவாட்டை நினைவூட்டிக் கண்ணீரை வரவழைத்தது.

முதல் நோன்பு 1981 ஜூலையில் வந்தது. பகல் நோன்பு 15 மணி நேரத்துக்கும் மேல். விடுமுறையாதலால் விடுதியில் பலர் இல்லை. நோன்புக் கஞ்சியையும் உம்மாவையும் எண்ணியபடி தெருவில் நடந்தேன். நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி ஒலி வானொலியில் கேட்டது. அதே ரொட்டிக் கடைக் கிழவர் என் கையைப் பற்றித் தம் குடும்பத்தாரிடையே அமர்த்தினார். அன்று நான் பேசியது அவர் கற்றுத்தந்த மொழியில். ஒருவரும் சிரிக்கவில்லை.

இத்தனையும் கற்றுத் திரும்பியவன், ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்றபோது செய்ததைக் கேளுங்கள். மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் கட்டுரை வாசிக்கையில், மேற்கிலிருந்து வீசும் காற்றைக் 'கச்சான்' என்றான். "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசுவதுபோலவே பேசிக்காட்டினேன். வகுப்புச் சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குச் சென்றேன். தகப்பனாருடன் கடலுக்குப் போயிருந்தான். அவன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அவன் சொன்னது கடலோடிகள் வழிவழியாகக் காத்த நல்ல தமிழ்ச் சொல். கெய்ரோவில் என்னைக் காத்த கிழவர் அவனுக்கு வாய்க்கவில்லை, வாய்த்தவன் நான்.

அதன்பின், ஓய்வு பெறும்வரை, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் மாணாக்கர் தத்தம் வீட்டில் வழங்கும் சொற்களைக் கூறச் செய்து, கரும்பலகையில் எழுதி, அவற்றின் அருகே ஏட்டுச் சொல்லையும் எழுதுவேன். ஏட்டுச் சொல்லைப் பயில வேண்டும். அதற்காக வீட்டுச் சொல் வெட்கப்பட வேண்டியதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு அங்கே உணவு கிடைக்கும். குளிருக்குக் கம்பளி கிடைக்கும். 'அந்நாட்டார் சிரிக்கும்போது என் மகன் என்ன செய்வான்?' என்று கேளுங்கள். மறுநாளும் அதே கடைக்குப் போகும்படி சொல்லி அனுப்புங்கள். அவன் திரும்பி வந்தபின், நம் ஊரில் பிறர் சிரிப்புக்கு ஆளாகி நிற்கும் ஒருவனைக் கண்டால் கையமர்த்த வேண்டியவன் தானே என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.