வேலைக்கு போற பெண்களின் குழந்தையை பார்த்துக்கிட்டா வருமானம்! வீட்டிலேயே தொடங்க என்ன செய்யணும்?

கள்ளக்குறிச்சி:-

ஜவுளிக்கடையில் காலையில் ஷட்டர் தூக்கும்போது வேலைக்கார பெண் உள்ளே நிற்க வேண்டும். ராத்திரி கடை சாத்தும் வரை வீட்டுக்கு போக முடியாது. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் தப்பித்தார். இல்லாவிட்டால் வேலைக்கு முழுக்கு போட வேண்டியதுதான். இந்த இடத்தில்தான் வீட்டில் இருக்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு வருமானம் காத்திருக்கிறது.

கள்ளக்குறிச்சி 2019-ம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி என்று ஊர் வளர்ந்தது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவான் நாட்டு போ சென் குழுமத்தின் ஷூ தொழிற்சாலைக்கு 2023-ல் ஒப்பந்தம் போட்டபோது, 20 ஆயிரம் பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. ஷூ கம்பெனிகளில் அதிகம் எடுப்பது பெண்களைத்தான்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தை காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தை திருத்தினார்கள். ஆனால் 5 பேர், 10 பேர் வேலை செய்யும் கடைக்கு அது பொருந்தாது. அங்கன்வாடியில் 2 வயது ஆனால்தான் உட்கார வைப்பார்கள், அதுவும் சாயங்காலத்துக்குள் மூடி விடுவார்கள். ஆக, கைக்குழந்தைக்கு போக்கிடம் இல்லை.

மலையில் அக்காதான் ஆயா

கல்வராயன்மலையில் கதை வேறு. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலையாளி பழங்குடி குடும்பங்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கவும், கர்நாடகா காபி தோட்டங்களுக்கும் கூலிக்கு போகின்றன. சின்ன பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கும். பாட்டிக்கு முடியாவிட்டால் மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு போட்டு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். சம்பளம் இல்லாத ஆயா அவள். 6 முதல் 14 வயது வரை கட்டாய கல்வி என்று 2009-ல் சட்டம் வந்தும், தம்பி அழுதால் அவள்தான் ஓட வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்கு கூலி கொடுக்கலாம் என்று சட்டமே ஒருமுறை ஒத்துக்கொண்டது. 2005-ல் வந்த 100 நாள் வேலை சட்டத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 5 பேர் வந்தால், அவர்களை பார்த்துக்க ஒரு பெண்ணை போட்டு, மண் வெட்டுகிறவர்களுக்கு உள்ள அதே கூலியை அவருக்கும் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். பிள்ளை பார்ப்பது சும்மா இருக்கிற வேலை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கணக்கு இப்படித்தான்

ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 70 ரூபாய் என்று பேசிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 1,820 ரூபாய். 3 பிள்ளை என்றால் 5,460 ரூபாய். இதில் சோப்பு, கேஸ், தின்பண்டம் என்று ஆயிரம் போனாலும் மிச்சம் 4,460. ஆசைப்பட்டு 6, 7 பிள்ளைகளை சேர்க்கக்கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்டது இரண்டு இருந்தாலே ஒரு ஆளுக்கு கை ஒழியாது.

தெரிஞ்ச பொண்ணுதானே என்று வாய்ப்பேச்சில் விடுவதுதான் பின்னால் சண்டையில் முடிகிறது. எத்தனை மணிக்கு விடுவது, எத்தனை மணிக்கு கூட்டிப்போவது, லேட் ஆனால் என்ன, லீவு நாளுக்கு காசு உண்டா என்பதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து போட வேண்டும். யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதையும் எழுத வேண்டும். சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் தாய்க்கு போன் போடாமல் அனுப்பக்கூடாது. தடுப்பூசி அட்டை நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பக்கெட் தண்ணியும் எமன்தான்

தவழும் குழந்தை பக்கெட்டில் தலைகீழாக விழுந்தால் அரை பக்கெட் தண்ணீரே போதும், உயிர் போக. தொட்டிக்கு மூடி, அடுப்படிக்கு தடுப்பு இல்லாமல் பிள்ளையை வாங்கவே கூடாது. வேர்க்கடலை, பட்டாணி, காசு, ரிமோட் பேட்டரி எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. தாய் பீய்ச்சி வைத்துவிட்டு போகும் பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சித்திரை வெயிலில் அதற்கும் முன்னாடியே கெட்டுவிடும். அந்த பாலை காய்ச்சாமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து சூடாக்க வேண்டும்.

தூங்குவதற்காக சளி மருந்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தை குடித்து மத்திய பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை நாடே பார்த்தது. டாக்டர் எழுதி, தாய் கொடுத்து, நேரமும் சொன்ன மருந்தை தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டில் பகலிலேயே குடிக்கிற ஆள் இருந்தால் இந்த தொழிலை தொடங்க வேண்டாம். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராய சாவுகளை பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை வீட்டு ஆண்களிடம் தனியாக விட்டுவிட்டு கடைக்கு போவதும் கூடாது. வருகிற பிள்ளை உடம்பில் காயம், சூடு என்று சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் செய்யலாம். ஆம்புலன்சுக்கு 108.

அனுமதி வேணுமா?

இங்கிலாந்தில் கூலி வாங்கிக்கொண்டு தன் வீட்டில் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அடுத்தவர் குழந்தையை பார்த்தாலே அரசிடம் பதிய வேண்டும். இங்கே பக்கத்து வீட்டு பிள்ளைகள் இரண்டு மூன்றை பார்த்துக்கொள்வதை அப்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் பிளே ஸ்கூல் என்று போர்டு மாட்டினால் விஷயம் வேறு. அதற்கு தமிழக அரசு 2015-ல் தனி விதிகள் கொண்டு வந்தது, அனுமதி வாங்கித்தான் நடத்த வேண்டும்.

பிள்ளையின் வீட்டுக்கே போய் பார்த்துக்கிற பெண்கள் வீட்டு வேலை தொழிலாளர் கணக்கில் வருவார்கள். இவர்களுக்கு 2007-ல் நல வாரியம் அமைக்கப்பட்டது. 2018-ல் குறைந்தபட்ச கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தார்கள். இப்போதைய கூலி விகிதத்தையும், வாரியத்தில் சேர என்னென்ன நகல் வேண்டும் என்பதையும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆதார், ரேஷன் கார்டோடு போய் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.