இதயத்துக்குள் ஒரு கட்டி: உறைந்த ரத்தமா, வளர்ந்த சதையா?

எக்கோ திரையில், இதயத்தின் இடது மேலறைக்குள் எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை தெரிகிறது. அது உறைந்த ரத்தம் என்றால், உறைவைத் தடுக்கும் மாத்திரையிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். வளர்ந்த கட்டி என்றால் பெரும்பாலும் நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும். எதுவானாலும் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். ஆகவே தாமதிக்கவும் முடியாது.

முதல் துப்பு, அது ஒட்டியிருக்கும் இடம். பெரியவர்களின் இதயத்திலேயே உருவாகும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மிக்சோமா. புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். துடிப்புக்குத் துடிப்பு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி ஏறும். 1954இல் ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார்.

ரத்தமோ தேங்கும் இடத்தில்தான் உறையும். துடிப்பு தாறுமாறானவர்களுக்கு இடது மேலறையை ஒட்டிய சிறு பையில். மாரடைப்பில் தசை செயலிழந்தவர்களுக்கு இடது கீழறையின் நுனியில். ஆனால் இடத்தை மட்டும் நம்ப முடியாது. காம்போடு தொங்கும் உறைவும் உண்டு, காம்பே இல்லாத மிக்சோமாவும் உண்டு.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. கட்டி உயிருள்ள திசு. வளர ரத்தக்குழாய்கள் வேண்டும். புதிய உறைவுக்குள் குழாய் எதுவும் கிடையாது. காடோலினியம் கலந்த மருந்தைக் கையிலுள்ள ரத்தக்குழாயில் ஏற்றினால், அது ரத்தத்தோடு போய்க் கட்டிக்குள் நுழைகிறது. கட்டி வெளுத்துத் தெரிகிறது. உறைவுக்குள் மருந்து போக வழியில்லை. பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்திலும் அது கருப்பாகவே நிற்கும். வடிவத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட, உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்று கேட்கும் இந்தச் சோதனை எவ்வளவோ மேல்.

இதிலும் பொறி உண்டு. நாள்பட்ட உறைவுக்குள் புதுக் குழாய்கள் முளைத்து ஓரம் வெளுக்கலாம். மிக்சோமாவுக்குள் ரத்தம் கசிந்து உறைந்த பகுதி கருப்பாகவே இருக்கலாம். எனவே உறைவு என்று மாத்திரை தொடங்கினால், சில வாரங்கள் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம். சுருங்கவில்லை என்றால் முதல் முடிவையே சந்தேகிக்க வேண்டும்.

படத்தைச் சரியாகப் படிக்க உங்கள் பழைய நோய்களின் விவரமும் உதவும். மாரடைப்பு, வால்வு கோளாறு, வேறு உறுப்பில் வந்த புற்றுநோய் என எது இருந்திருந்தாலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய எக்கோ அறிக்கைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.