அரசர் ஈந்த போர்வை

நாகர் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன மணிமேகலை கூறும் நாகநாடும் நமது நயினாதீவுமே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டவர் அவரல்லர். இந்தியாவின் வடகிழக்கெல்லையில், நாகாலாந்து, மணிப்பூர் முதலிய இடங்களின் மலைகளில் வாழும் பல குலத்தவரே இவர். பெயரொப்புமை ஒன்றுகொண்டு இருசாராரையும் ஒருவராகக் கருதலாகாது.

இக்குலத்தவரிடையே பண்டு எழுத்து வழங்கவில்லை. முன்னோர் தோலில் எழுதி வைத்ததை நாயொன்று தின்றுவிட்டது என்று ஆவோ நாகர் கதை கூறுவர். ஏடில்லாத இடத்தில் ஆடையே ஏடாயிற்று. ஒருவன் எக்குலத்தான், ஊருக்கு விருந்தளித்தவனா, போரில் வென்றவனா என்பவற்றை அவன் போர்த்த துணியின் நிறமும் கோடுகளும் உரைத்தன. உரிமையில்லாதான் அத்தகைய போர்வையை அணிதல் தகாது.

இத்தகைய மக்களுக்கு அரசன் ஆடை ஈதல் சிறு செயலன்று. மணிப்பூர்ப் பள்ளத்தாக்கை ஆண்ட மெய்தி அரசர், வீரங்காட்டிய நாகர் தலைவர்க்குச் சாபீ லன்பீ என்னும் போர்வையை நல்கினர் என்பது மரபு. கரிய துணியில், சிவந்த கரையினிடையே, யானை, குதிரை, மயில், மீன், ஞாயிறு, திங்கள், வேல், கேடயம் முதலிய உருவங்களை மெய்திப் பெண்டிர் ஊசிகொண்டு இழைப்பர்.

இப்பரிசின் பொருள் யாது? அரண்மனையிலிருந்து நோக்கின், அது துணைநின்ற தலைவனுக்கு அளித்த வெகுமதி. மலையிலிருந்து நோக்கின், அஃது உறவின் அடையாளம். நாகரும் மெய்தியரும் உடன்பிறந்தார் வழிவந்தவர் என்னும் கதைகள் அங்கு வழங்குகின்றன. அக்கதைகளைப் புறக்கணித்து, கொடுத்தவன் உயர்ந்தோன், கொண்டவன் தாழ்ந்தோன் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. 1859ஆம் ஆண்டில் மணிப்பூரைப் பற்றி எழுதிய பிரித்தானிய அதிகாரி மக்கலக், அந்நாட்டு அரசனும் அரசியும் அரியணையேறும் சடங்கில் நாகர் உடை தரித்தனர் எனக் குறித்துள்ளார். மலைத்தலைவன் அரசனது ஆடையைப் போர்த்தான். அரசன் மலையினரது ஆடையை உடுத்தான். உறவு இருவழிப்பட்டது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

2014ஆம் ஆண்டில் சாபீ லன்பீ இந்தியாவிற் புவிசார் குறியீடு பெற்றது. இன்று பொருளுடையார் எவரும் அதனை விலைக்கு வாங்கலாம். ஆயினும், யார் யாருக்கு எதன்பொருட்டு அளித்தார் என்னும் வரலாறு துணியோடு விலைக்கு வாராது. அது முதியோர் வாய்மொழியில் உள்ளது. கேட்பாரின்றேல் அவரோடு மறையும். விழாதோறும் பொன்னாடை போர்த்தும் நாமும், நம் மூத்தோரிடம் கேட்டறிய வேண்டியவை பலவுள என்பதை மாணவர் சிந்திப்பாராக.